கிடாருக்கு அச்செடுத்த பல் அக்கா

அப்பாவுக்குப் பல் செட் கட்டுவதற்காகத்தான் அந்த மாடிப்படி ஏறினேன். கீழே மருந்துக் கடை, நடுவில் பல் டாக்டர், அதற்கும் மேலே தகரக் கதவு போட்ட ஓர் அறை. "நிறம் மட்டும் எனக்குத் திருப்தியா வரலை. மேல லேப்ல அக்கா இருப்பாங்க, அவங்க கண்ணுல ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். காலையில்தான் ஊரிலிருந்து வந்திறங்கிய அப்பா, வழியெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். பட்டம் வாங்கிய பிள்ளையோடு டவுனில் நடக்கும்போது பொக்கை வாய் தெரியக் கூடாதாம்.

கதவைத் தள்ளினால் எங்கு பார்த்தாலும் பல். மேசையில் பல், அலமாரியில் பல், ஜன்னல் விளிம்பில் வெயில் காயும் பல். நடுவே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா மெழுகை விளக்கில் உருக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மின் கிடார் தொங்கியது. கடல் பச்சை நிறம். கம்பி ஒன்றுகூட இல்லை.

"வாங்க பெரியவரே. கையை எடுங்க. நான் பார்க்காத வாயா?"

அப்பா அசையவில்லை. அவர் கண் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆவல் வெட்கத்தை ஜெயித்துவிட்டது. கையை எடுத்துவிட்டு, "என்னம்மா, கம்பியெல்லாம் காணோம்? அதுக்கும் பல்லு போயிடுச்சா?" என்று கேட்டார்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மெழுகு விளக்கு அணைந்துபோனது. அப்பாவும் வாய் கொள்ளாமல் சிரித்தார். அந்த இடைவெளியில் அந்த அம்மா பல் நிறக் கட்டைகளை எடுத்து, அப்பாவின் முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல் சம்பந்தமில்லாத காரணங்களுக்காகவும் நான் அந்த மாடிக்குப் போய்வந்தேன். அந்தக் கம்பியில்லாத கிடாரின் கதை அப்படித்தான் தெரிந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவர் பல் அக்கா. சொந்தக்காரர்கள் வீட்டுப் புகைப்படங்களில் யாரும் வாய் திறந்து சிரிப்பதில்லை, பல் அக்கா பார்த்தால் குறை சொல்வார் என்று பயம். டாக்டர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, மெருகேற்றி அனுப்புவது அவருடைய வேலை. கையளவு சாமான்தான். ஆனால் ஓர் ஓரத்தில் நூலளவு தூக்கினாலும் போட்டவர் சோற்றுத்தட்டைத் தள்ளிவிடுவார். அதனால் அக்காவுக்கு எதையும் கையால் தடவிப் பார்த்து அளவு சொல்லும் பழக்கம். முருங்கைக்காய் வாங்கினாலும் கட்டை விரலால் ஒரு தடவு தடவித்தான் வாங்குவார்.

அந்தப் பச்சைக் கிடார் அவருடைய அண்ணன் வாங்கியது. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓவர்டைம் பார்த்து, கடையில் தொங்கிய புதுச் சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நிறத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் அதற்குக் 'கிளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் எடுத்து மடியில் வைத்துக்கொண்ட தங்கைக்கு அப்போது வயது பதின்மூன்று. ஒன்றிரண்டு பிடிகள் வந்தன. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பிடி மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை. கிடாரின் கழுத்துக் கட்டையைச் சுற்றிக் கை எட்டாது. கட்டை விரல் வலிக்கும். விரல் நுனியில் கொப்புளம் வரும். அழுதுகொண்டே வாசித்து, வாசித்துக்கொண்டே அழுத காலம் அது.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் பாயோடு பாயாகக் கிடந்துவிட்டு எழுந்து வந்து கிடாரைத் தொட்டால், பிடி தானாக விழுந்தது! கம்பி ஆறும் சுத்தமாகப் பேசின. "காய்ச்சல்ல கை வளர்ந்துடுச்சு" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தன் கை படிந்துவிட்டது என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையில்தான் பிற்பாடு மேடை ஏறினார். பல் கட்டப் படித்தபோதும், கல்யாணம் ஆனபோதும், பிள்ளை பெற்றபோதும் கிடாரை விடவில்லை. அண்ணன் வேலை மாறித் தூரத்து நகரத்துக்குப் போகும்போது, "கிளியை நீயே வச்சுக்கோ. இனிமே அது எனக்கு ஒத்துவராது" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

தொழிலாளர் கிளப்பில் சனிக்கிழமை மாலைதோறும் மூவர் குழு ஒன்று வாசிக்கும். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாஸ்டர் கீபோர்டு, தபால்காரர் டிரம்ஸ், பல் அக்கா கிடார். குடும்பம் குடும்பமாக வந்து ஆடுவார்கள். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்காகக் குனிந்திருக்கும் முதுகு, சனிக்கிழமை அங்கேதான் நிமிரும். அக்காவைக் கேட்டால், "மத்த நாள்ல நான் பல்லு. அன்னிக்கு மட்டும்தான் அக்கா" என்பார்.

போன மழைக்கு லேப் கூரை ஒழுகியது. கிடார் சாய்த்து வைத்திருந்த சுவர் நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெயில் வந்தபோது கிடாரின் கழுத்து, பிழிந்த துணிபோல நெட்டுக்கும் முறுக்கிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் சூடு காட்டி, கட்டை கட்டி அழுத்தி, மாதம் முழுக்கப் போராடிவிட்டுக் கைவிரித்தார். "நான் நேராக்குறேன், அது மறுநாளே கோணிக்குது. கழுத்தை மாத்தலாம்னா அந்தக் கம்பெனியே எப்பவோ மூடியாச்சு. என்னை மன்னிச்சுடுங்கக்கா."

இரவல் கிடாரோடு கிளப்புக்குப் போனார். உலக்கையைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. லேப்பில் பல் செட்டுக்குக் கம்பி வளைக்கும் குறட்டைப் பிடித்துப் பிடித்து ஏற்கெனவே நொந்திருந்த இடது கட்டை விரல், இரண்டாவது பாட்டிலேயே தெறித்தது. வேறொரு கிடார், அதற்கடுத்து இன்னொன்று. எதிலும் இரண்டு பாட்டுக்குமேல் கை ஓடவில்லை. பிடிகள் பாதி விழுந்தன, பாதி முணுமுணுத்தன. ஆடுகிறவர்கள் கால் தடுமாறித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க இப்படி ஆரம்பிச்சாலே தப்பாத்தான் முடியும் மாஸ்டர். சொல்லுங்க."

"என் கீபோர்டுல ஒரு கிடார் சத்தம் இருக்கு..."

"இருக்கு. கொசுவுக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி."

மாஸ்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் சொல்ல வந்ததை விழுங்கவில்லை. "கிளப் ஆண்டு விழா வருதுக்கா. அதுக்குள்ள உங்க கைக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா கொஞ்ச நாளைக்கு வேற ஆள் பார்க்கிறேன். கொஞ்ச நாளைக்குத்தான். உங்க இடம் உங்களுக்குத்தான்."

அக்கா தலையாட்டினார். கொஞ்ச நாள் ஒதுங்கி நின்றவர்கள் யாரும் அந்த மேடைக்குத் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. மாஸ்டருக்கும் அது தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எந்த நிறத்தையும் கண்ணால் பார்த்தே கலந்துவிடுவார். சட்டையில் எப்போதும் நாலு நிறத் தூசி இருக்கும். அடுத்த வாரம் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ஏம்மா, உன் கிளி கடையில உட்கார்ந்திருக்கு."

"என் கிளி லேப்ல தொங்குது. உங்களுக்குத் தின்னர் வாடை தலைக்கு ஏறிடுச்சு."

"நிஜமாத்தான். மியூசிக் கடைக்காரர் வண்டியைக் கொண்டுபோய் விடப் போனேன். கண்ணாடிக்குள்ள அதே பச்சை, அதே வெள்ளைத் தகடு, அந்த மூணு சுவிட்சு. கம்பெனி பேரை எவனோ வாங்கி, பழைய மாடலை மறுபடி போட்டிருக்கானாம். மயிரிழை மாறாம அதே மாதிரின்னு எழுதித் தொங்கவிட்டிருக்கான்."

அக்காவின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அவரே அணைத்தார். "மயிரிழையா? தினம் தினம் வாயை நகல் எடுக்கிறவ நான். நகல் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? நிறத்தைக் காப்பி அடிச்சிருப்பான். கை வைக்கிற இடத்துல கோட்டை விட்டிருப்பான். நேரா போய் நின்னா சத்தத்துல மயங்கி வாங்கிட்டு வந்துடுவேன். அளவு எடுத்துக்கிட்டுப் போறேன்."

"கிடாருக்கு அளவா? நீ என்ன தையல்காரியா?"

"தையல்காரி குத்துமதிப்பா அளப்பா. நான் வாய்க்கு அளக்கிறவ."

மறுநாள் லேப்பில் அக்கா கிளியை மேசையில் குப்புறப் படுக்கவைத்தார். பல் அச்செடுக்கும் மாவு போன்ற பட்டியைப் பிசைந்து, கழுத்தின் பின்பக்கத்தில் மூன்று இடங்களில் அழுத்தினார். நெட்டுவாக்கில்தான் முறுக்கு. குறுக்கே பார்த்தால் கழுத்தின் வளைவு அப்படியே இருந்தது. பட்டி இறுகியதும் உரித்தெடுத்து, பிளாஸ்டர் வார்த்து, அதிலிருந்து மூன்று பிறைத்துண்டுகள் செய்தார். எந்தக் கிடாரின் கழுத்தில் அவை இடைவெளி இல்லாமல் உட்காருமோ, அதுவே கிளியின் கழுத்து.

நடுவில் ஏதோ கேட்க மேலே வந்த டாக்டர், மேசையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, இந்தப் பேஷண்டுக்கு வாய் எங்க?"

"வாய்க்கு இன்னும் வரலை டாக்டர். இப்பதான் கழுத்து நடக்குது."

மியூசிக் கடையில் ஓர் இளைஞன் இருந்தான். கிடார் என்றால் உயிரை விடுபவன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தூக்குவதுபோலப் பச்சைக் கிடாரைத் தூக்கிக் கொடுத்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு பிடி வாசித்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்தது, சின்ன வயதில் அண்ணன் அறையின் மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டாரே, அதே ஓசை. ஓரத்தில் கொஞ்சம் முள், நடுவில் தேன். வீட்டுக்காரர்கூடச் சட்டைத் தூசியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது பாட்டு பாதியில் கட்டை விரல் தெறித்தது.

அக்கா கைப்பையிலிருந்து துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் பிறைத்துண்டைக் கழுத்தின் பின்னால் வைத்தார். உட்காரவில்லை. ஈறில் படாத பல் செட்டுபோல ஆடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விரல் நகம் உள்ளே போகும் இடைவெளி.

"என்னக்கா அது?" என்று இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"பொய் சொன்னா ஆடுற சாமான். தம்பி, இது நகல் இல்லை."

"அக்கா, பழைய வரைபடத்தை வச்சு செஞ்சது. போதாதுன்னு அசல் கிடார் நாலஞ்சு தேடி எடுத்து அளந்திருக்காங்க. நானே ஒண்ணை வேற இடத்துல வாசிச்சிருக்கேன். இதேதான்க்கா, சத்தியமா."

"அசல் என்கிட்ட இருக்கு. அதை யாரும் வந்து அளக்கலையே?"

அவன் பிறைத்துண்டுகளையும் கிடாரையும் மாறி மாறிப் பார்த்தான். "வாரக் கடைசி வரைக்கும் வச்சிருப்பேன். அப்புறம் வேற கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லி, கிடாரை வாங்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தார். பிறகு, "மாஸ்டர்கிட்ட ஆள் பார்க்கச் சொல்லிடுறேன்" என்றார். வீட்டுக்காரர் அவர் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மூன்று பிறைத்துண்டுகளும் உள்ளே கடகடவென்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

வெள்ளிக்கிழமை காலை. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் ஒருவர் லேப்புக்கு ஏறி வந்தார். பையிலிருந்து பழைய பல் செட்டை எடுத்து டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல நீட்டினார்.

"இதுல விரிசல் விட்டுடுச்சும்மா. புதுசா கட்டணும்னு டாக்டர் சொல்றார். எனக்குப் புதுசெல்லாம் வேணாம். இதையே அப்படியே காப்பி எடுத்துக் கொடு. இது என் வாய்க்குப் பழகினது."

அக்கா செட்டைக் கட்டை விரலால் தடவினார். கடைவாய்ப் பல்லெல்லாம் மேசை மாதிரி மழமழவென்று சமமாகிப் போயிருந்தது. எத்தனையோ பேருக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னார். "ஐயா, இதை அப்படியே எடுத்தா நான் பல்லையா காப்பி எடுப்பேன்? நீங்க இத்தனை வருஷமா மென்னதைக் காப்பி எடுப்பேன். இது கட்டின அன்னிக்கு இப்படி இல்லை. மேடும் பள்ளமுமா இருந்திருக்கும். முதல் மாசம் நீங்க இதைத் திட்டாத திட்டு இருந்திருக்காது."

"அட, ஆமா! தூக்கி ஜன்னல் வழியா எறியப் போனேன். என் வீட்டம்மாதான் தடுத்தா" என்று சிரித்த நடத்துனர், சட்டென்று சந்தேகம் வந்தவராகக் கேட்டார்: "அப்போ எதும்மா ஒரிஜினல்? அன்னிக்கு இருந்ததா, இன்னிக்கு இருக்கிறதா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அலமாரியில் மூன்று பிறைத்துண்டுகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"என்னம்மா, உனக்கும் அச்செடுக்கணுமா?" என்றார் நடத்துனர்.

அவர் படியிறங்கியதும் அக்கா கிளியை ஆணியிலிருந்து கழற்றினார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தேய்ந்த பல்லுக்கு அச்செடுத்துவிட்டு அளவு சரியென்று சாதித்தால் அவர் எப்படிக் கடிந்துகொள்வார் என்று அவருக்கே தெரியும். அதைத்தான் தானும் செய்திருக்கிறோமோ? ஆனால், கையால் தேய்ந்து இவ்வளவு குறையுமா? கை என்ன அரமா, கட்டை என்ன மெழுகா? மத்தியானம் கிளியைத் துணியில் சுற்றிக்கொண்டு, நேராக வீட்டுக்காரரின் பட்டறைக்கே போய்விட்டார்.

வீட்டுக்காரர் முகமூடியை இறக்கிவிட்டு, கழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் மெல்லச் சுரண்டினார். ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, மறுபடி சாய்த்தார். கார் கதவில் எந்த இடத்தில் பழைய பெயிண்ட் முடிந்து புதுப் பெயிண்ட் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கும் கண் அது.

"இது தானா தேஞ்சது இல்லம்மா."

"பின்னே?"

"தானா தேஞ்சா கை படுற இடத்துல மட்டும் பள்ளம் விழும். இது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே சீரா எடுத்திருக்கு. தலைகிட்ட பாரு, கம்பெனி வார்னிஷ் தேன் நிறத்துல நிக்குது. அதுக்கு இந்தப் பக்கம் பிரஷ்ல அடிச்ச வார்னிஷ். எவனோ கத்துக்குட்டி வேலை. அடிக்கும்போது உதிர்ந்த பிரஷ் முடி ஒண்ணு உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கு பாரு."

அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். வார்னிஷுக்கு அடியில், கொசுவின் கால்போல ஒரு கறுப்பு முடி. அத்தனை வருடம் அந்தக் கழுத்தின் பின்பக்கத்தைக் கை பார்த்ததே தவிர, கண் பார்த்ததில்லை.

பட்டறை வாசலிலேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கிடாரோட கழுத்தைத் தேய்ச்சியா?"

"எந்தக் கிடார்?"

"உன் வாழ்க்கையில எத்தனை கிடார்?"

"சரி, மாட்டிக்கிட்டேன்" என்று அண்ணன் சிரித்தார். "கண்ணாடித் துண்டை வச்சு சுரண்டினேன். அப்புறம் உப்புத்தாள். நீ காய்ச்சல்ல படுத்திருந்தியே, அந்த வாரம். அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அதே கண்ணாடியால என் தோலைச் சுரண்டியிருப்பார். புதுச் சாமானாச்சே."

"ஏண்ணே அப்படிப் பண்ணினே?"

"பின்னே, தினம் அழுதுகிட்டே வாசிக்கிறே. கேக்குறவனுக்கு எப்படி இருக்கும்? உன் கை சின்னக் கை. கட்டை தடிச்சது. ரெண்டுல எதைச் சுரண்ட முடியும், சொல்லு."

"இத்தனை நாளும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீ எழுந்து வந்து வாசிச்சே. வாசிச்சுட்டு, கை படிஞ்சிடுச்சு கை படிஞ்சிடுச்சுன்னு தெருவெல்லாம் குதிச்சே. அந்த மூஞ்சியைப் பார்த்து, படிஞ்சது கை இல்ல கட்டைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அப்புறம் நீ நிஜமாவே நல்லா வாசிக்க ஆரம்பிச்சுட்டே. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

"அப்போ உனக்கு ஒத்துவராதுன்னு கொடுத்துட்டுப் போனது..."

"என் கைக்கு அது தீக்குச்சி மாதிரி ஆயிடுச்சுடீ."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்காரர் பெயிண்ட் வாளியைக் கலக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனை வைத்த பிறகு அக்கா கிளியின் கழுத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார். கடையில் இருப்பது பொய் இல்லை. அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குக் கிளி எப்படி இருந்ததோ, அதுவேதான். அந்தக் கிளியைத்தான் அவர் மாதக்கணக்கில் வெறுத்தார். பிறகு உயிராக நேசித்தது வேறொன்றை, ஒரு வாரக் காய்ச்சலில் உருவான ஒன்றை.

"அந்தத் தம்பியைப் பொய்யன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். பிறகு, "இப்பவே போகலாம் வாங்க" என்றார்.

"வாங்கி?"

"தேய்க்கப் போறேன்."

"புதுக் காரை எவனாவது வாங்கின கையோட சுரண்டுவானா?"

"புதுப் பல்லை எல்லாரும்தான் சுரண்டுறாங்க. போட்ட அன்னிக்கே பொருந்துற செட்டை நான் இன்னும் கட்டலை. எவளாவது கட்டினதா சொன்னா அவ பொய் சொல்றா."

கடை இளைஞனிடம் அக்கா முதலில் மன்னிப்புக் கேட்டார். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் கூச்சம் போய்ப் பதற்றம் வந்தது.

"தேய்ச்சா வாரண்டி போயிடும்க்கா! திருப்பி விக்கவும் முடியாது. இது கலெக்டர்ஸ் வாங்குற பீஸ்."

"அவங்க கண்ணாடிக்குள்ள வச்சுப் பார்க்கட்டும் தம்பி. நான் சனிக்கிழமை வாசிக்கணும்."

அவன் பில் போட்டு, கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். பிறகு, "தேய்க்கும்போது நானும் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டான். வந்தான். லேப் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, யாருக்கோ அறுவைச் சிகிச்சை நடப்பதுபோலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

புதுச் செட் வாயில் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க ஒரு வெள்ளைப் பசை உண்டு. மெல்லப் பூசிப் போட்டுப் பார்த்தால், அழுத்தும் இடத்தில் மட்டும் பசை விலகிப் பல் செட்டின் நிறம் தெரியும். அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். அக்கா அந்தப் பசையைப் புதுக் கிடாரின் கழுத்தில் பூசினார். பூசிவிட்டு ஒரு பாட்டு வாசித்தார். கையை எடுத்துப் பார்த்தால், வெள்ளைக்கு நடுவே கட்டை விரல் முட்டும் இடம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அதை உப்புத்தாளால் எடுத்தார். மறுபடி பசை, மறுபடி பாட்டு, மறுபடி உப்புத்தாள். டாக்டர் கீழிருந்து ஆளனுப்பி, "மேல என்ன, கச்சேரியா தச்சு வேலையா?" என்று கேட்டார். "ரெண்டும்" என்று பதில் போனது.

அவ்வப்போது பிறைத்துண்டையும் வைத்துப் பார்த்தார். ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் முழுதாக உட்காருவதற்கு முன்பே ஒரு கட்டத்தில் பசை சீராக விலகியது, எங்கும் திட்டு இல்லை. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, மூன்று. கட்டை விரல் சும்மா இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கேக்கா. அச்சு உட்காரலையே" என்றான் இளைஞன். இப்போது அவனுக்கே தேய்க்கும் வெறி பிடித்திருந்தது.

அக்கா பிறைத்துண்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அது பதிமூணு வயசுக் கைக்கு எடுத்தது தம்பி. இது இன்னிக்குக் கை. போதும்" என்று உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

வார்னிஷ் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பட்டறையில் கழுத்தைத் தொங்கவிட்டு, பெயிண்ட் துப்பாக்கியில் மெல்லிசாகப் பீய்ச்சத் தயாரானார்.

"மச்சான் மாதிரி முடியெல்லாம் விட மாட்டேன், கவலைப்படாதே."

"ஒண்ணே ஒண்ணு விடுங்களேன்."

"என்னது?"

"ஒரு பிரஷ் முடி. அதே இடத்துல."

"போடி! நாளைக்கு எவனாவது பார்த்தா என் தொழில் மானம் என்னாவது?" என்று கத்திவிட்டு, அவர் முகமூடியை ஏற்றிக்கொண்டார். புதுக் கிடாரின் கழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. தலைக்குச் சற்றுக் கீழே, கொசுவின் கால்போல ஒன்று இருக்கிறது.

ஆண்டு விழா அன்று கிளப்பில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் மாஸ்டர் குனிந்து பார்த்தார். "கிளியா? எப்படி நேராக்கினீங்க?"

"இது அதோட தங்கச்சி மாஸ்டர். ஆரம்பிங்க."

முதல் இரண்டு பாட்டும் மாஸ்டரின் கண் கீபோர்டைவிட அக்காவின் கட்டை விரலில்தான் இருந்தது. மூன்றாவது பாட்டில் அவர் பார்ப்பதை மறந்துவிட்டார். ஐந்தாவதில் விரல் லேசாக முனகியது. பாட்டுக்கு நடுவில் கையை உதறிக்கொண்டு, தண்ணீர் குடித்து, அக்கா தொடர்ந்தார். அண்ணன் தன் அறையில் பழகிய ஒரு பழைய நடனப் பாட்டை எடுத்தபோது, ஆறு கம்பிக்கும் குறுக்கே விரல் படுத்தது, ஆறும் பேசின. சுவரோரம் நின்றிருந்த பேருந்து நடத்துனர், புதுச் செட்டைப் போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரித்தபடி, தன் வீட்டம்மாவை இழுத்துக்கொண்டு நடுவே போனார். முடிந்ததும் மாஸ்டர் வயரைச் சுருட்டியபடி சொன்னது ஒன்றுதான்: "அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்கக்கா. புதுப் பாட்டு ரெண்டு எடுக்கணும்."

பல் அக்கா இப்போதும் அந்த மாடியில் வேலை செய்கிறார், சனிக்கிழமை மாலைகளில் கிளப்பில் வாசிக்கிறார். குளிர் நாட்களில் கட்டை விரல் வலிக்கிறது, வெந்நீரில் நனைத்துக்கொண்டு போகிறார். பழைய கிளி கம்பியில்லாமல் லேப்பில் தொங்குகிறது, பக்கத்தில் மூன்று பிறைத்துண்டுகளும். கடை இளைஞன் கிடார் வாங்குகிற சின்னக் கைக்காரர்களை அவரிடம் அனுப்பிவைக்கிறான். மாதத்துக்கு ஒருவராவது கழுத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறார்கள். அப்பாவின் பல் செட் கீழ்வரிசையில் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. அதற்கு வெள்ளைப் பசை பூசிப் பார்க்க வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.